முடிவு வராத வரைக்கும்

இங்கிலாந்து பாராளுமன்றத்தில் முந்தின நாள் யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள் என்று காலையில் தெரிந்துகொண்டே ஆக வேண்டியவர் ஆரணியில் எங்கள் தெருவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரை நாங்கள் எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். கன்னியாஸ்திரீ இல்லை. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் வெளிநாட்டில்.

நான் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். பார்டரில் அன்னம் எத்தனை பெரிதாக வர வேண்டும், முந்தானையில் கொடி எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று முதலாளிகள் சொல்வார்கள், நான் கட்டம் கட்டமாக வரைந்து தருவேன். அதனால் என்னிடம் பெரிய திரை இருந்தது, நெட்டும் நன்றாக வரும். சிஸ்டரின் போனில் வீடியோ நின்று நின்று ஓடும். என் கணவர் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு அவர் வருவார். செருப்பை வாசலில் ஜோடியாகத் திருப்பி வைப்பார். கைகழுவுவார். எங்கே போனாலும் முதலில் கைகழுவுவது அவர் பழக்கம். பிறகு கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நேத்து இன்னா ஆச்சு, பாரும்மா" என்பார்.

நான் நேற்றைய வேலையை மூடிவிட்டு அதைத் திறப்பேன். பச்சை நிற பெஞ்சுகள். இடம் போதாமல் வழியிலேயே உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள். நடுவில் ஒருவர் தொண்டை கிழிய அமைதி, அமைதி என்று கத்துவார். ஓட்டு என்றால் நம் ஊர் மாதிரி கையைத் தூக்குவதில்லை. எல்லாரும் எழுந்து இரண்டு கதவுகள் வழியாக இரண்டு கூட்டமாக நடந்து போக வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பை விட்டு விலகுவது என்று அந்த நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது. எப்படி விலகுவது என்பதில்தான் பாராளுமன்றம் முட்டிக்கொண்டு நின்றது. அந்த அம்மா பிரதமர் கொண்டுவந்த ஒப்பந்தத்தைத் தோற்கடித்தார்கள். திரும்பக் கொண்டுவந்தார், திரும்பவும் தோற்றது. ஒருநாள் எட்டு வழிகளை வைத்து எது வேண்டும் என்று கேட்டார்கள். எட்டுக்கும் வேண்டாம் என்றுதான் ஓட்டு விழுந்தது.

"எட்டு மருந்து காட்டுனா எட்டும் வேணாங்குறானுங்க" என்றார் சிஸ்டர். அவர் முகத்தில் கவலை இல்லை. ஒருவித நிம்மதி தெரிந்தது. அது எனக்கு விசித்திரமாக இருந்தது.

மகள் ஜெசி கட்டிக்கொண்டது பாண்டிச்சேரிக்காரரை. அந்தக் குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. மாப்பிள்ளை பிறந்ததும் வளர்ந்ததும் பாண்டிச்சேரிதான், ஆனால் கையில் பிரான்ஸ் பாஸ்போர்ட். ஐரோப்பியக் குடிமகன் என்ற முறையில் அவர் இங்கிலாந்து போய் ஒரு சிறிய ஊரில் வேலை தேடிக்கொண்டார். ஜெசி அவர் மனைவி என்ற முறையில் அங்கே இருந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தாள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. ஆக, மாப்பிள்ளையின் உரிமை அந்தக் கூட்டமைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கியது, ஜெசியின் உரிமை மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பாராளுமன்றத்தில் ஒவ்வொரு தடவை ஓட்டு எடுக்கும்போதும் சிஸ்டர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதற்கு அதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

சிஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. யார் என்ன சொன்னாலும் அதைக் கேட்க மாட்டார். எதற்காகச் சொல்கிறார்கள் என்று பார்ப்பார். மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப்போடும் அறையில் பன்னிரண்டு வருடம் நின்றவர். அங்கே வருகிறவர்கள் யாரும் காயம் எப்படி வந்தது என்று உள்ளதைச் சொன்னதில்லை என்பார். "வாய பாக்காத. எங்க வலிக்குதுன்னு பாரு" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் கால்வாய் வரப்போகிறது என்றபோது, பவர்லூம் வைத்திருந்த ஒருவர் வீடு வீடாக வந்து, கால்வாய் வந்தால் கொசு வரும், குழந்தைகள் விழுந்துவிடும், எல்லாரும் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். நல்லதுதானே சொல்கிறார் என்று நான் பேனாவை எடுத்தேன். சிஸ்டர் கேட்டார்: "தம்பி, உங்க ஷெட்டு சுவரு ரோட்டு மேல எவ்ளோ வந்துகினு இருக்குது?" அவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் எப்போதும் அவர் கணிப்பு சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சிஸ்டரின் கணவர் இறந்த புதிதில் எதிர்வீட்டுப் பச்சையம்மாள் தினமும் காலையில் இட்லி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் தன் வீட்டின் மேல்பகுதியை வாடகைக்கு விடப்போகிறார் என்று தெருவில் பேச்சு இருந்தது. பச்சையம்மாளின் மகன் அப்போதுதான் கல்யாணம் ஆகித் தனி வீடு தேடிக்கொண்டிருந்தான். ஒருநாள் சிஸ்டர் தட்டைத் திருப்பிக் கொடுத்து, "மேல்வூட்ட யாருக்கும் குடுக்குறதா இல்லம்மா. நாளையிலேர்ந்து செரமப்படாதீங்க" என்று சொல்லிவிட்டார். பச்சையம்மாள் என் வீட்டுக்கு வந்து அழுதார். அவர் கணவர் அதே மருத்துவமனையில்தான் இறந்திருந்தார். அன்றைக்குத் தன் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ் இவர்தான் என்பதற்காகத்தான் இட்லி கொண்டுபோனேன் என்றார். நான் அதைச் சிஸ்டரிடம் சொன்னேன். "அப்டியா" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சிஸ்டரிடம் எதைக் கொடுப்பதற்கும் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. ஒரு டம்ளர் காபி கொடுத்தால்கூட அதன் அடியில் எதையாவது பார்த்துவிடுவாரோ என்று.

அதே கண்ணோடுதான் அவர் அந்தப் பாராளுமன்றத்தையும் பார்த்தார். ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களை மூன்று விதமாகப் பிரித்து வைத்திருந்தார். விலகவே கூடாது என்று எதிர்க்கிறவர்கள். இந்த விலகல் போதாது, இன்னும் முழுசாக விலக வேண்டும் என்று எதிர்க்கிறவர்கள். மூன்றாவது, பிரதமரின் நாற்காலி காலியாகட்டும் என்று எதிர்க்கிறவர்கள். மூன்றாவது வகைதான் அவரைப் பயமுறுத்தியது. "இதோ இந்த ஆளு மாறிடுவான் பாரு. கேட்டது கெடச்சா அந்தப் பக்கத்துக் கதவுல போயிடுவான்" என்று ஒருவரைக் காட்டினார். மார்ச் மாதக் கடைசியில் அந்த மனிதர் அதே ஒப்பந்தத்துக்கு ஆதரவாகத்தான் நடந்து போனார். பிரதமர் தான் விலகிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஒரு வயதான பெண் உறுப்பினர் இருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கள் முதியோரைக் கழுவி உடுத்தி உணவூட்டுகிற பெண்களைப் பற்றிப் பேசினார். அவர்களைப் பேரத்துக்கு வைக்காதீர்கள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெசியைப் பற்றியே பேசுகிற மாதிரி இருந்தது.

"அந்தம்மா தொகுதில வெளிநாட்டுக்காரங்க எவ்ளோ பேருன்னு பாரு" என்றார் சிஸ்டர்.

பார்த்தேன். நிறையத்தான் இருந்தார்கள்.

"அதுக்காக அவங்க சொல்றது பொய்யாயிடுமா சிஸ்டர்?"

"பொய்ன்னு யாரு சொன்னது? ஓட்டு இருக்குற வரைக்கும் பேசும். அப்புறம் பேசாது. அத நம்பி ஜெசி நிக்க முடியுமா?"

அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான், முடிவு வராமல் இருக்க வேண்டும். இப்படியே இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் அதைத்தான் கேட்கிறேன் என்று என்னிடம் சொன்னார். ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களும் குடும்பத்தாரும் பதிவு செய்துகொண்டால் தொடர்ந்து இருக்கலாம் என்று அந்த நாட்டு அரசாங்கமே இணையத்தில் போட்டிருந்ததை நான் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். ஒப்பந்தம் இல்லாமல் போனாலும் அப்படித்தான் என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை பதிவு செய்வார், கூடவே ஜெசிக்கும் ஆகிவிடும், பிறகு என்ன பயம் என்றேன்.

"அவன் கூடவே" என்று மட்டும் சொன்னார். பிறகு கைகழுவ எழுந்து போனார்.

ஆடி போய் ஆவணி வந்தது. அதற்குள் அங்கே பிரதமர் மாறியிருந்தார். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, வழக்கமில்லாத வழக்கமாகப் பாராளுமன்றம் கூடியது. நமக்குச் சாயங்காலம். என் கணவர் முள்ளிப்பட்டில் தறிக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தார். நானும் சிஸ்டரும் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். புதிய ஒப்பந்தத்தையும் தள்ளிப்போடுகிற மாதிரி ஏதோ ஓட்டு. ஆட்கள் கதவுகள் வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஜெசி வீடியோவில் கூப்பிட்டாள்.

சிஸ்டர் போனை மேசை மேல் சாய்த்து வைத்தார். ஜெசி ஒரு சுவரையொட்டி உட்கார்ந்திருந்தாள். எப்போது பேசினாலும் அதே சுவர்தான்.

"மாப்ள எங்கம்மா?"

"உள்ள தூங்குறாரும்மா. நைட் டூட்டி."

"போன கொஞ்சம் தள்ளி வெச்சி பேசேன். மூஞ்சி முழுசா தெரியல."

"நெட் சரியில்லம்மா."

அப்போது குழந்தை ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துத் தொங்கியது. ஜெசியின் தோள் சட்டென்று உள்ளே சுருங்கியது. ஒரு நொடிதான். உடனே சிரித்தாள். குழந்தையை மடியில் இறக்கிவிட்டாள். சிஸ்டர், "சரி, நேரத்தோட சாப்டு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

திரையில் யாரோ ஜெயித்துவிட்ட கூச்சல் கேட்டது. சிஸ்டர் அதைப் பார்க்கவில்லை.

"எத்தினி நாளா பாத்துகினு இருக்கேன் தெரியுமா" என்றார்.

"எதை சிஸ்டர்?"

"அந்தத் தோள."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் திரையின் சத்தத்தை நிறுத்தினேன்.

"நீங்க கேட்டீங்களா?"

"எப்டி கேக்குறது? அவன் பக்கத்து ரூம்புல இருப்பான். இல்லன்னா அப்புறமா வந்து போன வாங்கிப் பாப்பான். நான் கேட்டதுக்கு அவதான் வாங்குவா." கண்ணாடியைக் கழற்றினார். "வெளிய வந்துடுன்னு சொல்லணும். அவன வுட்டு வெளிய வந்தா அவன் பாஸ்போர்ட்டையும் வுட்டு வெளிய வர்றா. அந்த நேரம் பாத்து இவனுங்க கதவ மூடிட்டா? இவள இங்க அனுப்பிடுவான், கொழந்தய அங்கயே வெச்சிக்குவான். அதாம்மா. இவனுங்க சண்ட முடியிறதுக்குள்ள அவ வந்துடணும்."

மாதக்கணக்காக ஒவ்வொரு முகமாக, யார் எதற்காக எதிர்க்கிறான், யார் எப்போது மாறுவான் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது, மகளுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைத்தான்.

அன்றிலிருந்து என் டிசைன் வேலை பின்னுக்குப் போய்விட்டது. படித்தேன். கணவனிடம் அடி வாங்கிப் பிரிகிறவர்களுக்கு, அவன் பெயரில் இல்லாமல் தன் பெயரிலேயே அங்கே இருக்கக் கேட்க ஒரு வழி இருந்தது. அதற்கு உதவி செய்கிற பெண்கள் அமைப்புகள் இருந்தன. போன் எண்களும் இருந்தன. ஆனால் ஜெசியிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் போனுக்கு எதையும் அனுப்ப முடியாது.

சிஸ்டர் அதற்கும் மருத்துவமனைப் பாடத்தைத்தான் எடுத்தார். காயத்தோடு வரும் மனைவியை அழைத்துவருகிற கணவன் அறையை விட்டு நகரவே மாட்டானாம். அவனை ஊசி வாங்க அனுப்பிவிட்டுத்தான் அவளிடம் பேசுவாராம். இங்கே கடைக்காரர் ஒருவரின் தம்பி மகன் படிப்பதற்காக அந்த நாட்டுக்குப் போகிறான் என்று என் கணவர் மூலம் தெரிந்தது. சிஸ்டர் அவன் கையில் மாப்பிள்ளைக்கு அகலச் சரிகை வேட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பையன் தங்கியது ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். "கிறிஸ்மஸுக்கு கட்டிக்கணும் மாப்ள. நீங்களே போயி வாங்கிக்குங்க, அந்தப் புள்ளைக்கு வழி தெரியாது" என்று போனில் சிரித்துச் சிரித்துப் பேசினார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கவே பயமாக இருந்தது.

மாப்பிள்ளை அந்தப் பையனிடம் வந்து சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்த உடனே ஜெசி வேலை செய்யும் இல்லத்தின் எண்ணுக்கு என் போனிலிருந்து அடித்தோம். ஜெசி வந்தாள்.

"ஜெசி, அவன் ஒன்ன அடிக்கிறானா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சொல்லும்மா. இப்ப யாரும் இல்ல."

"நீ எதுக்கு இப்ப கேக்குற?" ஜெசியின் குரல் மிகத் தாழ்வாக இருந்தது. "அவரு கேக்கச் சொன்னாரா? இத்தன நாளு இல்லாம, அவரு வெளிய போன அன்னிக்கு பாத்து எங்க ஆபீஸ்ல கூப்ட்டு கேக்குற. நான் சொல்றேனா இல்லையான்னு பாக்குறீங்களா ரெண்டு பேரும்?"

"ஐயோ, நான் எதுக்கும்மா..."

"நீதானம்மா சொல்லுவ. யாரு எது கேட்டாலும் எதுக்கு கேக்குறாங்கன்னு பாருன்னு."

சிஸ்டரின் வாய் திறந்தபடி இருந்தது. போனில் அந்தப் பக்கம் எங்கோ ஒரு கிழவி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. ஜெசி வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கு வேற ஒன்னும் இல்ல ஜெசி" என்றார் சிஸ்டர் கடைசியில். "எனக்கு பயமா இருக்குது. அவ்ளோதாம்மா."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். வெகுநேரம் சிஸ்டர் "ம்", "ம்" என்று சொல்வது மட்டும் கேட்டது. ஜெசி என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று அவர் போனபோது செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

இரண்டு வாரத்தில் ஜெசி குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. இல்லத்தின் மேலாளர் அம்மா ஏற்பாடு செய்திருந்தார். வேறு ஊர், பெண்கள் மட்டும் தங்குகிற இடம். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. சிஸ்டருக்குத் தெரியும்.

டிசம்பரில் பாண்டிச்சேரியிலிருந்து கார் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா. சிஸ்டர் எனக்கு ஆள் அனுப்பினார். "வந்து ஒக்காரு. ஒன்னும் பேசாத" என்றார்.

பெரியவர் வெள்ளைச் சட்டையில் மிகவும் மரியாதையாக இருந்தார். "அம்மா, புள்ளைங்க சண்ட எல்லா வூட்லயும் இருக்குது. நான் யாரையும் குத்தம் சொல்ல வரலீங்க. பேத்திய ஒரு தடவ பாக்கணும். அட்ரஸ் மட்டும் குடுங்க" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிடலாமே என்றுகூட எனக்குத் தோன்றியது.

"எனக்கே தெரியாதுங்க. அவ சொல்லல" என்றார் சிஸ்டர். அவர்களுக்குக் காபி கொடுத்தார். பிஸ்கட் வைத்தார்.

போகும்போது அந்தச் சித்தப்பா என்னைப் பார்த்து, "நீங்க பக்கத்து வூடுங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

கார் போன பிறகு, "பாவம் சிஸ்டர், அந்தப் பெரியவர் நிஜமாவே அழுதாரு" என்றேன்.

"அழுதது நெஜந்தான். அவரு அழுவுறப்ப அந்தத் தம்பிக்காரன் மேச மேல இருந்த என் போனத்தான் பாத்துகினு இருந்தான்."

பொங்கல் கழிந்து ஒருநாள் காலை சிஸ்டர் வீடு பூட்டியிருந்தது. பால்காரரிடம் இனி வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். யாரிடமும் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. என்னிடமும் இல்லை. இத்தனை மாதம் என் வீட்டில் உட்கார்ந்திருந்தவர், என் போனிலிருந்தே மகளிடம் பேசியவர். பச்சையம்மாளின் இட்லித் தட்டு ஞாபகம் வந்தது. என்னையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த மாதக் கடைசியில் அந்த நாடு கூட்டமைப்பிலிருந்து விலகியது. நடுவே நடந்த தேர்தலில் எதிர்த்தவர்களில் பல பேர் காணாமல் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஓட்டு என்றால் சட்டென்று முடிந்துவிட்டது. நான் தனியாகத்தான் பார்த்தேன். அந்த வயதான பெண் உறுப்பினர் எழுந்து, எல்லாம் முடிந்த பிறகும், முதியோரைக் கவனிக்கும் பெண்களைப் பற்றியே பேசினார். பெஞ்சுகள் பாதி காலி. யாரும் கேட்கவில்லை. இதைச் சிஸ்டரிடம் காட்ட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

பிப்ரவரியில் கார் திரும்ப வந்தது. இந்தத் தடவை என் வீட்டு வாசலில் நின்றது. பட்டப்பகல். என் கணவர் கடையில் இருந்தார். சித்தப்பா மட்டும், கூட எனக்குத் தெரியாத ஒருவர்.

"அந்தம்மா எங்க போனாங்க?"

"தெரியாதுங்க."

"நீங்கதான் ரொம்ப நெருக்கம்னு தெருவுல சொல்றாங்களே."

"என்கிட்ட சொல்லலீங்க."

அவர் கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். எவ்வளவு நேரமோ. சொல்வதற்கு அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, என் கணவர் வரும்வரை எதையும் தொடவில்லை.

ஊரடங்கு நாட்களில் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"நான்தாம்மா."

சிஸ்டரின் குரல்.

"ஜெசிக்கு பேப்பர் வந்துட்டுது. அவ பேர்லயே. கொழந்த அவகிட்டதான்."

"சிஸ்டர்..."

"அவங்க உன்கிட்ட வந்தாங்களா?"

"வந்தாங்க."

"இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

"நம்புனாங்களா?"

"நம்புனாங்க."

"அதான்" என்றார்.

நான் அழுதேன். அவர் காத்திருந்தார். நல்லா இருக்கிறாயா, வீட்டுக்காரருக்கு வேலை இருக்கிறதா, தறியெல்லாம் நின்றுவிட்டதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தெருவில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அது யார் என்று எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணை அழித்தேன்.